ஆப்பு

மீனாட்சிபுரம் தாண்டி
கேரளம் தொடங்கும் இரண்டாவது வளைவில்
நான் வரைந்த நிழற்குடை நிற்கிறது.
துருவேறியது போலத் தோன்றும்,
துரு அல்ல; அந்த நிறத்துக்குத் தனி விலை.

பின்சுவர் முழுக்கத் துளை.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின்
மூன்றாண்டு அட்டவணையைக் கணினிக்கு ஊட்டி
ஒவ்வொரு துளைக்கும் ஓர் அளவு வாங்கினேன்.
ஆனி ஆடியில் உள்ளே வரும் காற்று
சேலை முந்தானையை அசைக்கும்,
செய்தித்தாளைப் பறிக்காது.

டெண்டரின் எட்டாம் நிபந்தனை:
இருக்கையில் எவரும்
படுத்துறங்க இடம் தரலாகாது.

முள் வைக்கவில்லை, நடுவே கம்பி வைக்கவில்லை.
ஏழு டிகிரி முன்சரிவு, அவ்வளவே.
உட்காரலாம். பேருந்து வரும்வரை தாங்கும்.
கண் அசந்தால் முழங்கால் எழுப்பிவிடும்.
பெங்களூரில் ஒரு மேடையில் அதை
கண்ணியமான தடுப்பு என்றார்கள்.
கண்ணியம் என்ற சொல்லில்
அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்,
சமமான கட்டிலில்.

எட்டு மாதம் கழித்துப் பரிசுப் புத்தகத்துக்குப் படம் எடுக்க
ஷினோஜையும் கேமராவையும் கூட்டிப்போனேன்.

துளைகளில் துணிக் கிளிப்புகள்.
கிளிப்புகளில் லாட்டரிச் சீட்டுகள்.
பொள்ளாச்சியிலிருந்து அதிர்ஷ்டம் தேடி
எல்லை கடந்து வருகிறவர்களுக்காக
ஒன்றுகூடப் பறக்காமல், எல்லாம் படபடத்தபடி.
என் காற்றுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.
வேறொருவருக்கு.

இருக்கையின் மேல் ஒரு பலகை.
பலகைக்கும் சரிவுக்கும் நடுவே நான்கு ஆப்புகள்.
பலகையின் மேல்
நார் ஆலையில் இரவுப் பணி முடித்த ஒருவன்,
தலைமயிரெல்லாம் தேங்காய்த் தூள்.
எட்டாம் நிபந்தனை
குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டா
ஃபிரேம் கிளீனா வரும்" என்றான் ஷினோஜ்.

எனக்கு ஆப்பு வைத்தது யார் என்று
சிரிக்காமல்தான் கேட்டேன்.
சீட்டு விற்கும் பாத்துமுத்து
சிரித்துக்கொண்டு கை தூக்கினாள்.

பழைய செக்போஸ்டில்
லாரிகள் நாள்கணக்கில் கிடந்த காலத்தில்
சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளாம்.
வரி மாறியது, வரிசை போனது,
கட்டைகள் மட்டும் புதரில்.
அறுத்து, இழைத்து, அடியில்
சைக்கிள் டியூப் ஒட்டியிருந்தாள், வழுக்காமலிருக்க.

கைபேசியை வைத்துச் சாய்வு பார்த்தேன்.
ஏழு. பின்னே ஒரு பூஜ்யம்.
என் அலுவலகத்தில் இதற்கு இரண்டு பேர்,
ஒரு வாரம்.

"எதை வச்சு அளந்தீங்க?"

"ஒரு கட்டன் சாயா வாங்கிப்
பலகை மேல வச்சேன்.
சாயா சாயக் கூடாது. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.
ஐந்தாண்டுப் படிப்பில்
அந்த ஒரு கண்ணாடித் தம்ளர்
எந்தப் பாடத்தில் விடுபட்டது என்று
நினைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.
தூங்குகிறவனின் செருப்புகள்
ஜோடியாக, என் சரிவில்
மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன.
அவள் காலால் தள்ளி நிறுத்தினாள்.

ஷினோஜ் படம் எடுத்தான், எதையும் எடுக்காமல்.
புத்தகக்காரர்கள் அதைப் போடவில்லை.

ஓர் ஆப்பு கேட்டேன்.
தரமாட்டேன் என்றாள், நாலும் வேண்டும்,
சீட்டு வேண்டுமானால் வாங்கிக்கோ.
வாங்கினேன். மூன்று மணிக்குக் குலுக்கல்.
விழவில்லை.

கொச்சியில், இரவு,
அடுத்த ஆறு நிழற்குடைகளுக்கான வரைபடத்தைத் திறந்து
எட்டாம் நிபந்தனைக்கு எதிரே
நினைவிலிருந்து அந்த ஆப்பை வரைந்தேன்.
டியூப்பையும் சேர்த்து.
என்ன பதில் வரும் என்று தெரியும்.
மூலையில் திருத்தம் மூன்று.
வடிவமைத்தவர்: பாத்துமுத்து.
அடுத்த கட்டம் பதிவு எண் கேட்டது,
காலியாக விட்டால் சேமிக்காது.

சட்டைப்பையில் தேடி
லாட்டரிச் சீட்டின் எண்ணை அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.